பொட்டுக்கட்டிலிருந்து இழப்பீடு வரை

சென்னையிலிருந்து வடக்கே கூடூருக்குச் செல்லும் இருப்புப்பாதையில் நாயுடுபேட்டை என்றோர் ஊர் உள்ளது. காளத்தியைத் தொட்டு வரும் சுவர்ணமுகி ஆறு அவ்வூர்ப் பக்கமாக ஓடிக் கடலை நாடிச் செல்கிறது. தமிழ்ப் பெரியோர் அவ்வாற்றினைப் பொன்முகலி என்று போற்றினர். அவ்வூரில் பிழைப்பின் பொருட்டுக் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் தெலுங்கும் தமிழும் கலந்து பேசி வாழ்வதை அவ்வழியே செல்வோர் காணலாம்.

1953 ஆம் ஆண்டு செப்டம்பர் வரை நாயுடுபேட்டை சென்னை மாநிலத்தின் நெல்லூர் மாவட்டத்தில் இருந்தது. அவ்வாண்டு அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் தோன்றியபோது அதனோடு சேர்ந்தது. 2022 ஏப்ரலில் புதிதாக அமைந்த திருப்பதி மாவட்டத்தில் இடம்பெற்றது. எல்லைகள் இவ்வாறு மாறினும், சென்னைச் சட்டசபையில் பெண்களின் மீட்சிக்காக இயற்றப்பட்ட சில சட்டங்கள் தஞ்சைக்கும் நெல்லைக்கும் எவ்வளவு உரியவையோ அவ்வளவு நாயுடுபேட்டைக்கும் சித்தூருக்கும் உரியவையாக இருந்தன. அச்சட்டங்களின் வரலாற்றையே இங்கு நாம் எண்ணிப் பார்க்க விரும்புகிறோம்.

ஒரு பெண்ணின் உடலும் இளமையும் பிறரால் சுரண்டப்பட்டபோது சட்டத்தின் முன் இரண்டு கேள்விகள் எழுகின்றன. தீங்கிழைத்தவனை எவ்வாறு தண்டிப்பது என்பது ஒன்று. தீங்குற்றவளுக்கு எதைத் திருப்பித் தருவது என்பது மற்றொன்று. முதற் கேள்விக்கு நம் நாட்டுச் சட்டம் நெடுங்காலத்துக்கு முன்பே விடை கூறத் தொடங்கியது. இரண்டாவது கேள்விக்கு விடை காணப் பல தலைமுறைகள் ஆயின. ஆயினும் அவ்விடையின் முதல் வரி 1929 ஆம் ஆண்டிலேயே சென்னையில் எழுதப்பட்டது என்பது நம்மில் பலர் அறியாத செய்தி.

அதனை விளங்கிக்கொள்ளச் சற்றுப் பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராச சோழன் பொறிக்கச் செய்த கல்வெட்டொன்று, பல ஊர்களிலிருந்தும் கொணர்ந்து குடியமர்த்தப்பெற்ற தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரைக் குறிப்பிடுகிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு மனையும், ஆண்டுக்கு 100 கலம் நெல்லும் வகுக்கப்பட்டன. ஒருவர் இறந்தாலோ வேற்றூர் சென்றாலோ அவருக்கு அடுத்த உறவினர் அப்பங்கினைப் பெற்று அவ்வூழியத்தைச் செய்தல் வேண்டும் என்பது விதி. அக்காலப் பெண்டிர் அனைவரும் சுரண்டப்பட்டவரே என்று கூறுதல் வரலாற்றுக்குப் பொருந்தாது. கோயிலுக்குத் தாமே நிலமும் விளக்கும் அளித்த பெண்களைப் பற்றிய கல்வெட்டுகள் பல உண்டு. எனினும் நாம் கருத்தில் கொள்ளத்தக்கது ஒன்றுளது. பிழைப்புக்கு உரிய நெல்லும் மனையும் ஊழியத்தோடு பிணைக்கப்பட்டிருந்தன. ஊழியத்தை விட்டால் உணவும் போயிற்று.

பின்வந்த நூற்றாண்டுகளில் அரசர் மறைந்தனர். கோயிலின் செல்வம் குறைந்தது. ஊர்ப் பெரியவர்களும் செல்வர்களும் அவ்விடத்தைப் பற்றினர். இறைவன் பெயரால் சிறுமியர்க்குப் பொட்டுக்கட்டும் சடங்கு அவர்களை மனிதர் சிலரின் விருப்பத்துக்கு ஆட்படுத்தும் வாயிலாயிற்று. பொட்டுக் கட்டிய பெண் மணம் செய்துகொள்ள இயலாது. அவள் வயிற்றில் பிறந்த குழந்தைக்குத் தந்தையென ஒருவன் ஊரறிய முன்வரமாட்டான். மானிய நிலமோ அடுத்த தலைமுறையில் ஒரு பெண்ணுக்குப் பொட்டுக் கட்டினாலன்றிக் குடும்பத்தில் நிலைக்காது. ஆகவே தாயே மகளை அவ்வழியிற் செலுத்தும் அவலம் நேர்ந்தது. அத்தாயைப் பழிப்பது எளிது. ஆனால் அவள் காலில் இருந்த தளை அந்நிலமே அன்றோ?

ஆங்கிலேயர் காலத்து நீதிமன்றங்கள் இதனை எவ்வாறு நோக்கின? 1860 ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், இளம் பெண்களைத் தீய தொழிலுக்காக விற்பதையும் வாங்குவதையும் தன் 372, 373 ஆம் பிரிவுகளால் குற்றமாக்கியது. சிறுமியைக் கோயிலுக்கு நேர்ந்துவிடுதலும் அப்பிரிவுகளுள் அடங்கக்கூடும் என்று சென்னை உயர்நீதிமன்றம் 1870-களில் கருதியது. அதே காலத்தில் சிவில் நீதிமன்றத்தின் போக்கு வேறாக இருந்தது. 1878 இல் கமலம் எதிர் சடகோபசாமி என்ற வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்துக்கு வந்தது. கோயிலொன்றில் நடனமாதாகத் தமக்குள்ள மிராசு உரிமையையும் அதனைச் சார்ந்த வருமானத்தையும் நிலைநாட்டக் கோரினார் ஒரு பெண். அப்பதவியோடு மானியம் சேர்ந்திருந்தமையால், சிவில் நீதிமன்றம் அவ்வழக்கை ஏற்று விசாரிக்கலாம் என்பது முடிபாயிற்று.

இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்கினால் ஒரு விந்தை புலப்படும். தாசியாக இருப்பதற்குரிய வருமானத்தைக் கேட்டு ஒரு பெண் வழக்காடலாம். ஆனால் தாசியாக்கப்பட்டதனால் தான் இழந்த வாழ்வைக் கேட்டு வழக்காட அவளுக்கு வழியில்லை. குற்றவியல் சட்டம் அவளைச் சாட்சியாக மட்டுமே கண்டது. சிவில் சட்டம் அவளைப் பதவிக்கு உரியவளாக மட்டுமே கண்டது. தீங்குற்றவள் என்று அவளை எச்சட்டமும் காணவில்லை.

இந்நிலையில்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் பொதுவாழ்வுக்கு வந்தார். 1886 இல் புதுக்கோட்டையில் பிறந்த அவர், அத்தகைய குலத்துத் தாய்க்கு மகளாய்த் தோன்றியவர். 1912 இல் சென்னை மருத்துவக் கல்லூரியிற் பட்டம் பெற்றார். 1926 இல் சென்னைச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டு அதன் முதல் பெண் உறுப்பினரானார். பின்னர் அச்சபையின் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1927 நவம்பரில், பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கச் சட்டம் செய்யவேண்டும் என்று அரசுக்குப் பரிந்துரைக்கும் தீர்மானத்தைக் கொண்டுவந்தார்.

எதிர்ப்பு பல திசைகளிலிருந்தும் வந்தது. பழைய மரபைக் காக்கவேண்டும் என்றோர் ஒருபுறம். கலையை வளர்த்த எங்களை எல்லாம் ஒரே பழியில் அடைப்பது முறையா என்று கேட்டுத் தேவதாசியர் சங்கத்தார் அரசுக்கு விண்ணப்பம் விடுத்தது மற்றொருபுறம். அவ்விண்ணப்பத்தை இன்று நோக்கும்போது அதில் நியாயமே இல்லை என்று நாம் தள்ளிவிட முடியாது. வாழ்வுக்கு மாற்று வழி காட்டாமல் உள்ள வழியை அடைத்தால் அவர்கள் எங்கே செல்வார்கள்?

அதனாற்போலும், தடைச் சட்டம் வருமுன்னர் நிலத்தைப் பற்றிய சட்டம் வந்தது. அறநிலையச் சட்டத்தில் 44-அ என்ற புதிய பிரிவைச் சேர்த்த 1929 ஆம் ஆண்டின் ஐந்தாவது சட்டமே அது. அதன் உட்பொருள் எளியது. தேவதாசி ஒருத்தி கோயில் ஊழியத்துக்காக மானிய நிலத்தை அனுபவித்து வந்தால், அந்நிலம் ஊழியக் கட்டிலிருந்து விடுவிக்கப்படும். நிலமே மானியமாயினும், நிலத்தின் தீர்வை மட்டும் மானியமாயினும், இரண்டுக்கும் இதுவே விதி. இனி அவள் கோயிலில் ஊழியம் செய்யவேண்டிய கட்டாயம் இல்லை. ஊழியம் செய்யவில்லை என்று கூறி நிலத்தைப் பறிக்கவும் இயலாது. மகளுக்குப் பொட்டுக் கட்டினால்தான் நிலம் நிலைக்கும் என்ற அச்சமும் அகன்றது.

எவரையும் சிறைக்கு அனுப்பாத சட்டம் இது. காவலர் வரவில்லை, குற்றவாளிக் கூண்டும் இல்லை. ஆயினும் பல நூற்றாண்டுக் கட்டினை இது அவிழ்த்தது. ஊழியத்துக்கு அளித்த கூலியை, ஊழியத்தை விட்டு வெளியேறுவதற்குரிய முதலாக மாற்றியது. சுரண்டப்பட்ட பெண்ணுக்குச் சொத்தின் வாயிலாக மீட்சி தரலாம் என்ற கருத்து நம் நாட்டுச் சட்டத்தில் தெளிவாக உருப்பெற்றது இங்கேதான் என்று நாம் கருதுகிறோம். மானியமில்லாத ஏழைப் பெண்களுக்கு இச்சட்டம் எதையும் தரவில்லை என்பதும் உண்மையே. அத்தகையோர்க்கு இடம் வேண்டியே முத்துலட்சுமி அம்மையார் 1930 இல் அவ்வை இல்லத்தைத் தொடங்கினார். தாம் அவ்வாழ்வில் உழன்று மீண்ட மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகச் சென்று பேசியும், 1936 இல் ‘தாசிகள் மோசவலை’ என்ற நாவலை வெளியிட்டும் அப்பணியை மக்களிடம் கொண்டுசென்றார்.

1947 இல் சென்னைத் தேவதாசியர் பொட்டுக்கட்டுத் தடைச் சட்டம் நிறைவேறியது. பொட்டுக்கட்டுதல் செல்லாது என்றும், அதற்கு உடந்தையாவோர் தண்டனைக்குரியர் என்றும் அது விதித்தது. போகம், கலாவந்துலு, சானி, நாகவாசுலு, தேவதாசி, கூர்மப்புலு என்று தமிழ்ப் பகுதியிலும் தெலுங்குப் பகுதியிலும் வழங்கிய பெயர்களை அச்சட்டம் எடுத்துரைத்தது. அதனுள் மிக முதன்மையான தொடர் ஒன்று உண்டு. பொட்டுக் கட்டப்பட்டவள் என்பதனால் ஒரு பெண் மணம் செய்துகொள்ளும் தகுதியை இழக்கமாட்டாள் என்பதே அது. மணம் செல்லுமாயின் மனைவி என்ற உரிமையும், குழந்தைக்குத் தந்தையின் பெயரும், குடும்பச் சொத்தில் பங்கும் தொடர்ந்து வரும். ஆகவே அதுவும் ஒரு சிவில் உரிமையே.

ஆயினும் சட்டம் சென்று சேராத இடங்கள் இருந்தன. பெருங்கோயில்களின் பொட்டுக்கட்டை மனத்திற்கொண்டு எழுதப்பட்ட சட்டம், சிற்றூர்த் தெய்வங்களின் பெயரால் நடந்த நேர்த்திக்கடனை எளிதில் எட்டவில்லை. சித்தூர், திருப்பதிப் பகுதிகளிலும், அவற்றை அடுத்த திருவள்ளூர் மாவட்டத்திலும் மாதம்மா வழக்கம் என்று ஒன்று உண்டு. பெண்குழந்தை நோய்வாய்ப்பட்டால் அதனை மாதம்மா தெய்வத்துக்கு நேர்ந்துவிடுவர், தாலியும் கட்டுவர். அச்சிறுமி வளர்ந்தபின் திருவிழாக்களில் ஆடவேண்டும், மணம் செய்துகொள்ளலாகாது. அவளை யார் அணுகினும் கேட்பாரில்லை. இவ்வழக்கில் சிக்கியோர் ஒடுக்கப்பட்ட சமூகங்களைச் சேர்ந்த மிக ஏழைக் குடும்பத்தார். திருத்தணி வட்டாரம் 1960 ஏப்ரல் முதல் நாள் வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்தது என்பதை நினைவிற்கொண்டால், இவ்வழக்கம் இரு மாநிலத்திலும் ஒன்றாகக் காணப்படுவதில் வியப்பில்லை.

தஞ்சைத் தளிச்சேரிப் பெண்ணுக்கு மனையும் நெல்லும் இருந்தன. மாதம்மாவாக விடப்பட்ட பெண்ணுக்கோ மானியம் என்று ஒரு குழி நிலமும் இல்லை. ஆகவே 1929 ஆம் ஆண்டுச் சட்டம் அவளுக்கு எதையும் விடுவித்துத் தரவில்லை. 1988 இல் ஆந்திரப் பிரதேசம் தேவதாசியர் தடைச் சட்டம் ஒன்றை இயற்றித் தண்டனையை உயர்த்தியது. 2016 சனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, பட்டியல் சாதி அல்லது பழங்குடிப் பெண்ணைத் தேவதாசியாக நேர்ந்துவிடுதல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழும் குற்றமாயிற்று. அச்சட்டத்தின் விதிகள் பாதிக்கப்பட்டவளுக்கு அரசு உதவித்தொகை அளிக்கவும் வகை செய்கின்றன. இருந்தும் 2017 செப்டம்பரில் தேசிய மனித உரிமை ஆணையம் மாதம்மா வழக்கம் பற்றி ஆந்திர, தமிழக அரசுகளுக்கு விளக்கம் கேட்டு அறிவிக்கை விடுக்க நேர்ந்தது.

அப்படியாயின் நிலமில்லாதவளுக்கு எதைத் திருப்பித் தருவது? இதற்கு விடையை நம் உச்ச நீதிமன்றம் அரசியலமைப்பின் 21 ஆம் விதியில் கண்டது. மாண்போடு வாழும் உரிமையைப் பாலியல் வன்முறை பறிக்கிறது. ஆகவே பறிகொடுத்தவளுக்கு ஈடு தரப்படவேண்டும் என்பதே அவ்விடை. 1995 இல் நாகாலாந்தைச் சார்ந்த ஒரு வழக்கில், குற்ற வழக்கு முடியுமுன்னரே பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு மாதந்தோறும் 1,000 ரூபாய் இடைக்கால ஈடாகத் தருமாறு அந்நீதிமன்றம் ஆணையிட்டது. 2000 இல் வந்த மற்றொரு தீர்ப்பு, சொந்த ஊரைவிட்டு அயலிடத்தில் வாழும் நமக்கு மிகவும் நெருக்கமானது. ஹௌரா நிலையத்தைச் சேர்ந்த இரயில்வே விடுதியில் வங்கதேசப் பெண் ஒருவர் வன்முறைக்கு ஆளானார். அவர் இந்நாட்டுக் குடிமகள் அல்லர் என்ற வாதம் எழுந்தது. வாழும் உரிமை இம்மண்ணில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் உண்டு என்று கூறி, இரயில்வே 10 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அயல்நாட்டவருக்கே அவ்வுரிமை உண்டெனில், அயல்மாநிலத்தில் வாழும் நம் மகளிர்க்கு இல்லாமற் போகுமோ?

நீதிபதிகளின் அருளால் கிடைத்து வந்த இழப்பீடு 2009 இல் சட்டமாயிற்று. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 357-அ என்ற பிரிவு சேர்க்கப்பட்டு, ஒவ்வொரு மாநிலமும் இழப்பீட்டுத் திட்டம் வகுக்கவேண்டும் என்று விதிக்கப்பட்டது. 2024 சூலை முதல் நாளில் நடைமுறைக்கு வந்த புதிய நடைமுறைச் சட்டத்தில் அது 396 ஆம் பிரிவாக உள்ளது. குற்றவாளி யாரென்று கண்டறிய முடியாவிடினும், வழக்கு நடைபெறாவிடினும் பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கேட்கலாம் என்பது அதன் சிறப்பு. பெண்களுக்கெனத் தேசியச் சட்டப்பணிகள் ஆணைக்குழு 2018 இல் வகுத்த திட்டத்தில், வன்புணர்ச்சிக்கு ஆளானவருக்கு 4 லட்சம் முதல் 7 லட்சம் ரூபாய் வரையிலும், கூட்டாக நிகழ்த்தப்பட்டதாயின் 5 லட்சம் முதல் 10 லட்சம் வரையிலும் அளவு குறிக்கப்பட்டது. சிறுமியராயின் அத்தொகை மேலும் பாதி கூடும்.

சட்டம் இருப்பதும் அது கைக்கு எட்டுவதும் வேறு வேறு என்பதற்கு நம் தமிழகத்து வாச்சாத்தியே சான்று. தர்மபுரி மாவட்டத்து அம்மலையடிவாரச் சிற்றூரில் 1992 சூன் 20 ஆம் நாள் சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறையினரும் காவலரும் வருவாய்த் துறையினரும் புகுந்தனர். 18 பெண்கள் வன்புணர்வுக்கு ஆளாயினர். குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் வழக்கு முடியுமுன் இறந்தனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சரியாகப் பன்னிரண்டு ஆண்டு கழித்து, 2023 செப்டம்பர் 29 அன்று, சென்னை உயர்நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. அப்பெண்கள் ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் ரூபாய் தரவேண்டும். அதில் பாதியை வன்புணர்வுக் குற்றவாளிகளிடமிருந்து பெறவேண்டும் என்று ஆணையிட்டது. முப்பத்தோராண்டு அப்பெண்கள் காத்திருந்தனர். இளமையில் நடந்த தீங்குக்கு முதுமையின் வாயிலில் ஈடு வந்தது. காலந்தாழ்ந்த ஈடு அரை ஈடே எனினும், அவர்கள் விடாது நின்றமையால் வந்த ஈடு அது.

பணத்துக்கு அப்பாலும் சிவில் சட்டம் சில வாயில்களைத் திறந்து வைத்துள்ளது. மணமின்றிப் பிறந்த குழந்தைக்கும் தந்தை ஜீவனாம்சம் தரவேண்டும் என்பது பழைய நடைமுறைச் சட்டத்திலேயே உள்ள விதி. புதிய சட்டத்தில் அது 144 ஆம் பிரிவாகத் தொடர்கிறது. 1956 ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டமும் அதனையே கூறுகிறது. 2025 ஆகஸ்டில் கர்நாடகச் சட்டமன்றம் நிறைவேற்றிய தேவதாசியர் பற்றிய சட்டம், தேவதாசிக்குப் பிறந்த குழந்தை தன் தந்தை யாரென நிறுவிக்கொள்ளும் உரிமையைத் தெளிவாக ஏற்கிறது. பொட்டுக் கட்டப்பட்டவளின் மகனும் மகளும் தந்தை பெயர் என்ற இடத்தில் வெற்றுக்கோடு இட்டு வந்த காலத்துக்கு இது ஒரு முடிவாக அமையட்டும் என்று வேண்டுவோம்.

இவ்வரலாற்றை வெளிமாநிலத் தமிழர் அறிந்திருத்தல் ஏன் வேண்டும்? மொழி தெரியாத இடத்தில் ஒரு பெண்ணுக்குத் தீங்கு நேர்ந்தால், பெரும்பாலும் குடும்பத்தார் ஊரைக் காலிசெய்துகொண்டு சொந்த ஊருக்குத் திரும்பி விடுகின்றனர். தீங்கிழைத்தவன் அங்கேயே இருக்கிறான். வேலையையும் வீட்டையும் இழப்பது தீங்குற்றவள் குடும்பமே. இனி அவ்வாறு செல்லவேண்டியதில்லை. புதிய நடைமுறைச் சட்டத்தின் 173 ஆம் பிரிவின்படி, குற்றம் எவ்விடத்தில் நடந்ததாயினும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் பதியலாம். நாயுடுபேட்டையில் நடந்ததைத் திருவள்ளூரிலோ சென்னையிலோ தமிழிலேயே கூறலாம். 1987 ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி, பெண் எவராயினும், வருமானம் எவ்வளவாயினும், கட்டணமின்றி வழக்கறிஞரின் உதவியைப் பெறலாம். ஒவ்வொரு மாவட்டத்திலும் அவ்வாணைக்குழுவின் அலுவலகம் உண்டு. 15100 என்ற தொலைபேசி எண்ணும் அதற்கென உள்ளது. இழப்பீட்டுக்கு விண்ணப்பம் பெறுவதும் அவ்வலுவலகமே. 2018 ஆம் ஆண்டுத் திட்டப்படி, குற்றம் நடந்த நாளிலிருந்தோ வழக்கு விசாரணை முடிந்த நாளிலிருந்தோ மூன்றாண்டுக்குள் விண்ணப்பம் அளித்தல் வேண்டும்.

நாயுடுபேட்டையை அடுத்த மேனகூரில் தொழிற்சாலைகள் எழுந்துள்ளன. அத்தகைய இடங்களில் பணிபுரியும் பெண்களுக்கு 2013 ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்புச் சட்டம் துணை நிற்கிறது. அதன்படி மூன்று மாதத்துக்குள் முறையிடுதல் வேண்டும். தக்க காரணமிருப்பின் மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். மன வேதனை, மருத்துவச் செலவு, இழந்த பணிவாய்ப்பு ஆகியவற்றைக் கணக்கிட்டு இழப்பீடு வரையறுக்கவேண்டும் என்று அச்சட்டத்தின் 15 ஆம் பிரிவு கூறுகிறது. பத்துப் பேருக்குக் குறைவாக உள்ள சிறு பட்டறையிற் பணிபுரிவோரும், வீட்டுவேலை செய்வோரும் மாவட்ட அளவிலுள்ள குழுவினை நாடலாம்.

1929 இல் ஊழியக் கட்டிலிருந்து விடுபட்ட நிலத்தின் பட்டா ஒரு தாயின் கைக்கு வந்தபோது, அவள் மகள் பொட்டுக்கட்டினின்று தப்பினாள். அப்பெண் நல்லவளா, தீயவளா என்று அச்சட்டம் கேட்கவில்லை. அவள் வெளியேறுவதற்கு எது தடையாக நின்றதோ அதனை நீக்கியது. இன்றைய இழப்பீடும் அதே நோக்கத்தினது. அதனைக் கேட்டுப் பெறுவது பிச்சையன்று; நடந்ததற்கு விலைபேசுவதும் அன்று. படிப்பைத் தொடரவும், வேறு வேலை தேடவும், தலைநிமிர்ந்து அவ்வூரிலேயே வாழவும் உரிய முதலாகவே சட்டம் அதனைக் கருதுகிறது. நம் அண்டை வீட்டுப் பெண்ணொருத்திக்கு இடர் நேர்ந்தால், ஊரைவிட்டுப் போய்விடு என்று சொல்லாமல், இன்ன இடத்தில் இன்ன உரிமை உனக்கு உண்டு என்று சொல்லி உடன் செல்வோமாக.